சித்தி மாப்பிள்ளை பார்த்த கதை

எங்கள் குடும்பத்தில் பெண்ணே உட்கார்ந்து மாப்பிள்ளை பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதற்குக் காரணம் கட்டைவிரல் அளவில் ஒரு சாமான். அந்தச் சாமானைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். இதைச் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவுக்கு நேர் கீழே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் எங்கள் வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு இருந்து கொழுந்து பறித்தாள். அதற்கு முன் இரண்டு தடவை அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு தடவையும் குனிந்த தலை நிமிராமல் தேத்தண்ணித் தட்டை நீட்டினாள். வந்தவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போய், நிறம் போதாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"வேணாம்னு சொன்னவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாதுக்கா" என்று சித்தி ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

மூன்றாவது சம்பந்தம் டயகமவில் இருந்து வந்தது. மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை; லீவு இப்போதைக்கு இல்லை. சித்தியின் படத்தைக் கொடுத்தபோது மாப்பிள்ளையின் அம்மா வாங்கவில்லை. "ஸ்டூடியோ போட்டோவுல எல்லாரும் வெள்ளைதான். என் மகன் கம்ப்யூட்டர்ல நேரா பாத்துட்டுச் சொல்லட்டும்" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்ற மாமா, அங்கே கழித்துப் போட்ட பழைய லேப்டாப் ஒன்றைத் தூக்கி வந்தார். சித்திக்கு அவர் அண்ணன். தங்கச்சி கல்யாணம் தன்னால்தான் நடக்கப்போகிறது என்ற நடை அவருக்கு வந்துவிட்டது. லேப்டாப்போ அம்மிக்கல் கனம். கரண்டு வயரைச் செருகினால்தான் உயிர் வரும். மேலே பங்களாவில் விருந்தாளிகளுக்காக வயர்லெஸ் இன்டர்நெட் போட்டிருந்தார்கள். அங்கே சமையல் செய்த பெரியப்பா துரையைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கினார். ஆனால் அதைப் பிடிக்கிற வசதி அந்தக் கிழட்டு லேப்டாப்பில் இல்லை.

அதனால் மாமா, சித்தி, நான் மூவரும் ஹட்டனுக்கு பஸ் ஏறினோம். கடைக்காரர் கட்டைவிரல் அளவில் ஒரு அடாப்டரை எடுத்து வைத்தார். "இதை யூஎஸ்பி ஓட்டையில செருகுங்க. பழசும் புதுசாயிரும். மொதல்ல சீடியைப் போடணும், அப்புறந்தான் இது" என்றார். மாமா கையடக்கத் தொலைபேசிகளைப் பார்க்க அந்தப் பக்கம் நகர்ந்தார். கடைக்காரர் உருண்டையாக இன்னொரு சாமானை நீட்டினார்.

"இந்தக் கேமராவும் வேணும் தங்கச்சி. அப்பத்தான் உங்க மொகம் அங்க தெரியும்."

"இது இல்லேன்னா அவுங்க மொகம் இங்க தெரியுமா?"

"அது தெரியும்."

"அப்ப போதும்ண்ணே" என்று சித்தி அதைத் திருப்பித் தள்ளினாள். பஸ் நிலையத்தில் எனக்கு மட்டும் மீன் வைத்த மாலு பணிஸ் ஒன்று வாங்கித் தந்து, "வாயை மென்னு திங்க மட்டும் வச்சுக்க" என்றாள். நான் அப்படியே செய்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமா சீடியை மறந்து அடாப்டரைச் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. கழற்றி, ஊதி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினார். மூன்றாம் தடவை சித்திதான் சீடியை எடுத்து நீட்டினாள். பச்சை விளக்கு சிமிட்டியது. பங்களாவின் சிக்னல் ஒரே ஒரு கோடாக வந்து வந்து போனது. அடாப்டரை நீள வயரில் மாட்டி, மாவு சலிக்கிற கம்பிச் சல்லடையின் நடுவில் கட்டி, ஜன்னலில் பங்களாவைப் பார்த்துப் பிடித்தால் மூன்று கோடு. அதைப் பிடிக்கிற வேலை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்தார். லயத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். சித்தி பட்டுச்சேலையில் லேப்டாப் முன்னால் இருந்தாள். திரையில் முதலில் ஒரு நெற்றி வந்தது, பிறகு மீசை, பிறகு முழு மனிதர். பின்னால் கட்டிலில் காயப்போட்ட துவாய்கள் தொங்கின.

"அம்மா, எனக்கு ஒன்னும் தெரியலையே. கறுப்பாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"கறுப்பெல்லாம் இல்லடா, மாநிறந்தான்!" என்று அவருடைய அம்மா பதறினார்.

"பொண்ணு இல்லம்மா, கட்டம் கறுப்பா இருக்கு."

மாமா என்னைப் பார்த்து, "கையை ஆட்டாத!" என்று கத்தினார். நான் ஆட்டவே இல்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் சித்தி தலையை நிமிர்த்தினாள். திரையை நன்றாக, ஆற அமரப் பார்த்தாள்.

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். என் அம்மா வாயில் கை வைத்தாள்.

"சமைப்பீங்களா?"

"பருப்பு வைப்பேன். சாம்பார் வச்சாத் தண்ணியாப் போயிரும்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கு மட்டும் நான் தெரியுறேனா?"

"நல்லாத் தெரியுறீங்க."

"எப்படி இருக்கேன்?"

"இருங்க, இன்னுங் கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்."

வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் சல்லடை என் கையில் ஆடியது. மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றார். நான் கையை நேராக்கியதும் குரல் வந்தது: "அப்ப நான் நேர்லதான் வரணும்போல."

"வாங்க. டயகமவிலருந்து பஸ் இருக்கு" என்றாள் சித்தி.

மாமா ஒரு வாரம் அந்த அடாப்டரைத் திட்டினார். வேறு மாப்பிள்ளைக்கு ஆள் அனுப்பலாமா என்று அம்மா கேட்டதற்கு, "இரு அக்கா, அவரு வரட்டும்" என்று மட்டும் சித்தி சொன்னாள். வராமல் போனால் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தூக்கம் போனது.

நான்கு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை முடிகிற நேரத்தில் அவர் தனியாக வந்தார். காலில் சப்பாத்தெல்லாம் சேறு. சித்தி அப்போதுதான் மலையில் இருந்து கூடையோடு இறங்கினாள். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, காலில் அட்டை கடித்த ரத்தம். முற்றத்தில் அவரைக் கண்டதும் நின்றுவிட்டாள். உள்ளே ஓடவில்லை.

எனக்குப் பதறிவிட்டது. ஓடிப்போய்ப் பவுடர் டின்னையும் சீப்பையும் எடுத்து வந்து, "சித்தி, பூசிக்க, சீக்கிரம்" என்றேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. அவரும் கவனிக்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் டின்னைத் திறந்து பிடித்தபடி, இரண்டு பேருக்கும் நடுவில், யாராவது பவுடர் கேட்பார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தேன்.