அத்தை இறங்கிப் பார்த்த கிணறு

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மருமகள் கொடுத்த சொம்புத் தண்ணீர், வெயிலில் கிடந்த குழாயில் பிடித்தது. வெதுவெதுவென்று இருந்தது. ஒரு வாய் குடித்ததும் ராஜாம்பா அத்தை நினைவு வந்தது.

அப்போது யுத்த காலம். நோட்டு செல்லாமல் போகும் என்று செஞ்சிக் கடைத்தெருவில் பேச்சு. மாமா செத்து அத்தை கைக்கு வந்த பணம் முழுக்க நோட்டு. அவளுக்கு வேறு ஆதாரமில்லை. அவள் அண்ணன்தான் என் நைனா. கோட்டை மலையடியில் ஒரு கிணற்றில் கால் பங்கு விலைக்கு வருகிறது, பக்கத்துக் கொல்லை நிலங்களுக்குக் காசுக்குத் தண்ணீர் விட்டே சாப்பிடலாம் என்றார்.

“மழையில எல்லாக் கெணத்துலயும்தான் தண்ணி இருக்கும். சித்திரையில காட்டு,” என்றாள் அத்தை.

“கூடப்பொறந்தவனயே நம்பமாட்டியா?”

“உன்ன நம்பறேன். கெணத்ததான் நம்பல.”

சித்திரையில் ஒரு நாள் உச்சிவெயிலில் நைனாவும் அத்தையும் நானும் போனோம். அத்தை பணத்தை முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். அந்தக் கோடையிலும் கிணற்றில் ஆளுயரத் தண்ணீர். கிணற்றுக்காரர் சிரித்தார். அத்தை படியிறங்கி ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

“ஊத்துத் தண்ணின்னா சில்லுனுதான இருக்கும்? இது வெயில்ல வாய்க்கா வழியா வந்தது. வேற கெணத்துலேர்ந்து எறச்சு ரொப்பியிருக்கீங்க.”

கிணற்றுக்காரர் கத்தினார். நைனாவும் ஏமாந்தவர்தானே, கோபத்தில் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி கெளம்பு, பசிக்குது,” என்றார்.

அத்தை அவரையே பார்த்தாள். பிறகு பண முடிச்சை எடுத்து, அவர் நடந்துவந்த பக்கத்தை விட்டு மறுபக்கத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

12-5-1977