சலவையறைத் தேர்வுக்குழு

யாகோப்பு சட்டையைப் புரட்டி, கக்கத்துப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோகிறார். கண்ணை மூடுகிறார். "இவன் நேற்று ஓடேல்லை. ஓடினவன் மாதிரி நிண்டவன்" என்று தீர்ப்புச் சொல்லி, பதின்மூன்றாம் இலக்கச் சட்டையைச் சலவை இயந்திரத்துக்குள் எறிகிறார். அடுத்த சட்டைக்கு மூக்கு விரிகிறது, முகம் மலர்கிறது. "இது உழைச்ச உடம்பு."

ஹனோவரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளியுள்ள சிறுநகரம். அங்குள்ள தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகத்தில் பத்தொன்பது வருடமாகச் சலவை இவர் பொறுப்பு. மன்னாரில் பிறந்தவர், வயது ஐம்பத்தெட்டு. ஒரு பந்தையாவது கூடைக்குள் போட்டதாக வரலாறு இல்லை. ஆனாலும் பழைய பயிற்றுநர் பயிற்சி முடிந்ததும் சலவையறைக் கதவைத் திறந்து, "எப்படி, யாக்கோப்?" என்று கேட்பார். இவர் மூக்கு கண்டதைச் சொல்வார். கழகத்தின் உயர்மட்டக் குழுவில் தாமும் ஒருவர் என்று இவர் எண்ணிக்கொண்டதில் தவறு காண முடியாது.

சென்ற பருவத்தில் அணி முதற்பிரிவிலிருந்து விழுந்தது. பயிற்றுநர் போனார். அணியை அடியிலிருந்து கட்டுவதற்குத் தர்மிகா வந்தார். இருபத்தொன்பது வயது. ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வீரர்களை எண்களாக்கிக் கணினியில் அலசுகிறவர். கழகத்தின் ஒரே தமிழர் என்ற பதவியும் அன்றோடு யாகோப்பின் கையை விட்டுப் போயிற்று.

போன மாதம், ஜெர்மனித் தமிழர் கூடும் கேவலார் மாதா கோயில் யாத்திரையில், தெரிந்தவரான புஸ்பவதி அக்கா கேட்டார்: "தம்பி, தர்மிகா வேலை செய்யிற இடத்திலையோ நீங்களும்?" அந்தக் கேள்வி இவருக்கு இன்னும் செமிக்கவில்லை. திரும்பும் வழியில் மனைவி பற்றிமா இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகள் வயசுப் பிள்ளையோடை உங்களுக்கென்ன எரிச்சல்?" என்றார்.

"எரிச்சலோ? எனக்கோ?"

கார் வீடு வந்து சேரும்வரை, மூன்றரை மணி நேரமும், தமக்கு எரிச்சல் இல்லை என்பதையே யாகோப்பு விளக்கிக்கொண்டு வந்தார்.

தர்மிகாவின் திட்டம், பழையவர்களை அனுப்பிவிட்டு இளையவர்களை எடுப்பது. இரண்டு வருடம் தோற்போம், மூன்றாம் வருடம் ஏறுவோம் என்கிறார். "தோக்கிறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வைக்கவேணுமே? நாங்கள் சும்மாவே நல்லாத் தோத்தனாங்கள்!" என்பது யாகோப்பின் மறுப்பு. உழைக்கிற பழையவர்கள் மூவரை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு பேராகச் சேர்ப்பது இவர் திட்டம். "எல்லாத்தையும் கொட்டிப்போட்டுத் திருப்பி வைக்க இதென்ன கறியோ?"

மூவரில் இருவர் போய்விட்டார்கள். எஞ்சியவர் முப்பத்தைந்து வயது மிலோஷ். அவருக்கு இரண்டு வருட ஒப்பந்தமா, பூச்செண்டா என்று வெள்ளிக்கிழமை முடிவாகும். மிலோஷ் நின்றால் யாகோப்பு வென்றார். போனால், அந்த மூக்குக்கு இனிச் சளி பிடிப்பது மட்டுமே வேலை.

வியாழன் பிற்பகல் யாகோப்பு மிலோஷின் பையைப் பிரித்தார். ஒரு முழங்காலுறையோடு விளையாடி வந்தவர், இப்போது ஒரே காலுக்கு மூன்று போட்டிருந்தார். மூன்றிலும் களிம்பு நெடி. பத்தொன்பது வருட மூக்கு ஏமாறவில்லை. அது முடிந்துபோன முழங்கால்.

அந்த நேரம் பார்த்துத் தர்மிகா உள்ளே வந்தார்.

"அங்கிள், என்ரை கணக்கு மிலோஷை அனுப்பச் சொல்லுது. ஆனா பெடியள் எல்லாம் அவரைப் பாத்துத்தான் விளையாடுறாங்கள். அது கணக்கிலை வராது. அவருக்கு இன்னும் ரெண்டு வருசம் ஏலுமோ? நீங்கள் ஓம் எண்டாச் சொல்லுங்கோ, நான் அறிக்கையை மாத்திறன்."

யாகோப்பு தொண்டையைச் செருமினார்.

"நான் சொன்னதெண்டு மேலை இருக்கிறவைக்குத் தெரியவருமோ, பிள்ளை?"

"ஓம் அங்கிள். உங்கடை பேரைப் போட்டுத்தான் எழுதுவன்."

"ரெண்டென்ன, மூண்டு வருசம் விளையாடுவான்" என்றார் யாகோப்பு. சொல்லிக்கொண்டே, பையைக் குதிக்காலால் மெல்ல மெல்லத் தள்ளி, இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே செருகினார்.