நுண்ணோக்கிக்கு வைத்த பொட்டு

நுண்ணோக்கிக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கண் வைத்துப் பார்க்கும் குழாய்களுக்கு மேலே, நட்டநடுவில், சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமமும் இட்டிருந்தார். அன்று ஆயுத பூஜை. முன்பு லூனாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வருஷாவருஷம் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த கை. இங்கே மட்டும் சும்மா இருக்குமா?

பொட்டைக்கூட விட்டுவிடலாம். அதற்காகத் தட்டை நகர்த்தினாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஓர் உயிரணு தான் ஒட்டியிருக்கும் இடத்தை எவ்வளவு பலமாகப் பிடித்து இழுக்கிறது என்று அளப்பது என் வேலை. தட்டில் அகார் அகார் போல நடுங்கும் கூழ், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத மணிகள், மேலே உயிரணு. அது இழுத்தால் மணிகள் நகரும். அப்போது ஒரு படம். பிறகு மருந்து விட்டு உயிரணுவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இன்னொரு படம். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் விசையைக் கணக்கிட வேண்டும். நடுவில் தட்டை யாரும் தொடவே கூடாது.

முதல் படம் எடுத்துவிட்டு, மருந்தெடுக்கக் குளிர்பெட்டி வரைதான் போனேன். அதற்குள் அக்கா தட்டைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, மெஷினைத் துடைத்துப் பொட்டிட்டு, தட்டைத் திருப்பியும் வைத்துவிட்டார்.

"எடுத்த எடத்துலயே வெச்சிட்டேன்லா தம்பி, ஒரு இம்மி நகரல. உன் வேல நல்லா முடியணும்னு சாமிகிட்ட கேட்டுக்கிட்டேன்."

இம்மியாம்! நான் அளக்க வந்ததே இம்மியிலும் இம்மியை. தலையில் அடித்துக்கொண்டேன். வளர்த்ததில் அதுதான் கடைசித் தட்டு. அந்த அளவு இல்லாவிட்டால் படிப்புக்குத் தரும் உபகாரச் சம்பளம் மாத முடிவில் நின்றுவிடும், ஆய்வும் அத்தோடு சரி. "யாருக்கா உங்கள கேட்டா?" என்று கத்தினேன். தட்டை மறுபடி பார்த்து, இனிப் பயனில்லை என்று தெரிந்ததும் பேராசிரியரிடம் ஓடினேன். அங்கே எனக்கு முன்னாலேயே போய் அக்கா நிற்கிறார்.

"நான்தான் டாக்டர் தூக்குனேன். தம்பி மேல தப்பில்ல. அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள் வாங்கிக் குடுங்க."

எனக்கு நாள் கிடைத்தது. அக்காவுக்கு ஆய்வுக்கூடத்துக்குள் நுழையத் தடை. கண்ணாடிப் பாத்திரம் கழுவப் போட்டார்கள். சில மாதங்களில் வேலையையே விட்டுப் போய்விட்டார். நான் பட்டம் வாங்கினேன். இப்போது எனக்கென்று ஓர் ஆய்வுக்கூடமும் இருக்கிறது.

போன மாதம் பாடாங் மேஹாவில் அவர் வீட்டுக்குப் போனேன். பாதியில் நின்ற திட்டைத் திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான். விட்டால்தானே! "சாப்ட்டியாப்பா?" என்றார். "அந்த வேல என்னாச்சு?" என்றார். நல்லபடியாக முடிந்தது என்றேன்.

"பாத்தியா, சாமி குடுத்திருச்சி."

எனக்கு வந்ததே ஆத்திரம். சாமியாம்! சாமியா போய் அன்றைக்குப் பேராசிரியர் முன்னால் நின்றது?