கொடுவாவுக்குச் சத்து மாத்திரை

பசியாவரத்தில் உலகநாதனிடம் யாரும் சந்தேகம் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே அவன் பதில் சொல்லி முடித்திருப்பான். ஏரியில் கூண்டு கட்டிக் கொடுவா மீன் வளர்க்கத் தொடங்கியதும் டாக்டர் பட்டமும் சேர்ந்துகொண்டது. கொடுத்ததும் அவனேதான். அவன் மனைவி வெண்ணிலாவுக்கு எட்டாம் மாதம். உடம்பில் ரத்தம் போதாது, இப்படியே பிரசவத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, நர்ஸம்மா இரும்புச்சத்து மாத்திரைகளைப் பை நிறையக் கொடுத்திருந்தார்.

பொங்கல் கழிந்ததும் மீன்களுக்கு நோய் கண்டது. உடம்பெல்லாம் சிவந்த புண். உலகநாதன் ஒன்றைப் பிடித்துச் செவுளைத் திறந்து பார்த்தான். வெளுத்துக் கிடந்தது.

"இன்னா புள்ள, உனக்கு வந்த அதே நோவுதான் இதுக்கும். ரத்தம் இல்ல. உன் மாத்திரைய எடு."

வெண்ணிலா எடுத்துக் கொடுத்தாள். மாத்திரையைப் போட்டாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். விட்டது தொல்லை என்றுதான் இருந்தது. அவன் அதை அம்மியில் பொடித்து, நறுக்கிய சாளை மீனில் பக்குவமாகப் பிசைந்து, கைராசிக்காரன் என்ற நினைப்போடு கூண்டுக்குள் போட்டான். அவளுக்கு ஒருநாளாவது ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவன் இல்லை.

வாரம் முடிவதற்குள் நீந்திய மீன்களைவிட மிதந்த மீன்களே அதிகம். உலகநாதன் கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

படகில் வந்து பார்த்த மீன் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"மீனோட ரத்தத்துல இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கற புரதம் ஒண்ணு இருக்குப்பா. சாதாரண நாள்ல வேணுங்கற இடத்துக்குக் கொண்டுபோய்க் குடுக்கும். கிருமி வந்துட்டா இறுக்கிப் பிடிச்சுக்கும். மிச்சத்தை ஈரல்ல இன்னொரு புரதம் பூட்டி வெச்சுடும். இரும்பு இல்லாம கிருமி பெருக முடியாது. அதைப் பட்டினி போட்டுத்தான் மீன் சண்டை போட்டுச்சு. நீங்க அந்தப் புரதம் தாங்காத அளவுக்கு இரும்பைக் கொட்டி, கிருமிக்கு விருந்து வெச்சிருக்கீங்க."

"செவுளு வெளுத்துக் கெடந்துச்சேன்னு..."

"புண்ணுல ரத்தம் ஒழுகினா வெளுக்கத்தான் செய்யும். அவ்வளவு மாத்திரை ஏது உங்களுக்கு?"

பதில் தெரிந்தும் உலகநாதன் வாயை மூடிக்கொண்டது அன்றுதான். அவன் பார்வை கரைக்குப் போனது. அங்கே வெண்ணிலா மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அதே படகில் அவளை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள் அங்கே. ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாக வீட்டு ஆள் ஒருவர் ரத்த வங்கிக்கு ரத்தம் கொடுக்க வேண்டுமாம். உலகநாதன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"எனக்கு ஊசின்னா மயக்கம் வரும் புள்ள. உன் தம்பி கோபாலு வரட்டும்..."

வெண்ணிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்மேலும்தான் கோபம், மாத்திரையை எடுத்து நீட்டிய கை அவளுடையது. ஆனால் வயிற்றில் இருப்பது யாரிடமும் எதையும் நீட்டவில்லையே. அதை நினைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

"யோவ், மீனு செத்ததுக்கு அப்பிடி அயுத. நான் உசுரோட கீறப்பவே எனக்கு எதுனா குடு. போய்க் கைய நீட்டிப் படு."