காளீஸ்வரிக்கு ஆள் அனுப்பினேன்

கை கால் சொன்னபடி கேளாதவர்களுக்குக் குளிப்பாட்ட, சோறூட்ட, துணி மாட்டிவிட வீடு தேடி ஆள் அனுப்புவது என் தொழில். ஆள் கிடைப்பது ஒரு பாடு, அனுப்பிய ஆள் பிடித்துப்போவது ஒன்பது பாடு. ஆபீஸ் பாளையம்பட்டியில், மாடியில். நடக்க முடியாதவர்களுக்கான ஆபீஸ் எதற்கு மாடியில் என்று கேட்காதீர்கள். நானும் கேட்டு ஓய்ந்துவிட்டேன். இந்த வயதில் மொபெட்டில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே சுற்றுகிறேன். வழியில் நிழல் கிடையாது. இதே வேலையில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டீர்கள், பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள்.

யாரிடம் கேட்பது

என்ன உதவி வேண்டும் என்று அந்த ஆளிடமே கேட்க வேண்டும், வீட்டாரிடம் கேட்கக் கூடாது. இது மேலிடத்து உத்தரவு. நல்ல உத்தரவுதான். போட்டவர் எங்கள் பக்கம் வந்ததில்லை.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு வாலிபன். “தம்பி, காலையில எத்தனை மணிக்கு ஆள் வரணும்?” என்றேன். “ஆறு மணிக்கு” என்றார் அப்பா. “உம்மைக் கேக்கல” என்றேன். “ஏழுன்னாலும் பரவால்ல” என்றார் அம்மா. குடத்தோடு தெருவில் போன ஒருத்தி நின்று, “அவன் எட்டு வரைக்கும் தூங்குவான் சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். இப்போ சொல்லு என்றேன். அவன் கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: “நீங்க கேட்டுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிருவீக சார். நான்தான இவுகளோட இருக்கணும்.”

முடி நீளம்

காளீஸ்வரி வேறு ரகம். அவளிடம் கேட்கவே வேண்டாம், சொல்லிவிடுவாள். நாற்பதைத் தாண்டியவள். பிறவியிலேயே கை கால் இறுகிப்போனது. வலது கை மட்டும் கொஞ்சம் பேச்சுக் கேட்கும். நிமிர்ந்து உட்காரவும் ஓர் ஆள் பிடிக்க வேண்டும். பேச்சு இழுத்து இழுத்து வரும். இடையில் நாம் புகுந்தால், விட்ட இடத்திலிருந்து அல்ல, முதலிலிருந்து தொடங்குவாள். எனக்குப் பொறுமை கிடையாது. அவளிடம் மட்டும் வேறு வழியில்லை.

அம்மா இருந்தவரை அம்மா பார்த்தாள். அம்மா போனதும், திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் முருகேசன் காரில் கூட்டிப்போய் ஓர் இல்லத்தைக் காட்டினான். சேர்த்துவிட்டு வருவதுதான் எண்ணம். மாட்டேன் என்று திரும்பிவிட்டாள். கடைசியில் ஒரு கெடு வைத்தான். அம்மாவின் வருசத் திதி வரை வீட்டில் இருக்கலாம். அதற்குள் நிலையாக ஓர் ஆள் அமைந்தால் சரி. அமையாவிட்டால் திதி முடிந்த கையோடு இல்லம். அந்த ஆளைத் தேடுகிற பாரம் என் தலையில் விழுந்தது.

இல்லத்தில் அப்படி என்ன குறை என்று கேட்டேன். அங்கே பெண்களுக்கெல்லாம் தலைமுடியை ஒட்ட வெட்டிவிடுகிறார்களாம். பேன் வராது, குளிப்பாட்டச் சுலபம். தன் பின்னலை வலது கையால் மடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: “சோறு நல்லாத்தான் போட்டாக அண்ணாச்சி. எந்திரிக்கிற நேரம், படுக்குற நேரம், முடி நீளம், எல்லாம் அவுகளே சொல்றாக. அப்புறம் நான் எதுக்கு அங்க?”

மூன்று பேர்

முதல் ஆள் முறையாகப் பயிற்சி எடுத்தவள். சுத்தமான பெண். ஒரு சொம்புத் தண்ணீருக்கு ஒரு “பாவம்” சொன்னாள். தலை துவட்டும்போது அழுதேவிட்டாள். காளீஸ்வரி அனுப்பிவிட்டாள். அடுத்தவள் அழவில்லை, கொஞ்சினாள். “செல்லக்குட்டி, ஆ காட்டு” என்று சோறூட்டினாள். செல்லக்குட்டிக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. அவளும் போனாள். மூன்றாவது ஆளைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம். கைவேலை அவ்வளவு பதமாக இருக்கும். ஆனால் காளீஸ்வரி “கரு…” என்று ஆரம்பித்ததும், “கருப்பட்டிக் காப்பியா?” என்பாள். காளீஸ்வரி கேட்க வந்தது கருவாடு.

மூன்றாம் ஆளும் போனதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இப்படி ஒவ்வொருத்தியையும் வேணாம் வேணாம்னா, திதி அன்னைக்கு வாசல்ல கார் நிக்கும். ஏறிப் போ” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் நிதானமாக, என்னைக் காக்க வைத்து, சொன்னாள்: “வேணாம்னு சொல்லக் கூடாதுன்னா அந்த எல்லத்துக்கும் இந்த வீட்டுக்கும் என்ன அண்ணாச்சி வித்தியாசம்? இங்க பல்லி இருக்கு. அங்க இல்ல.”

பார்க்கு வரட்டும்

ஆள் வேண்டுமே. அதுவரை அக்கம்பக்கத்தார் மாறி மாறி ஒப்பேற்றினார்கள். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் கேட்டேன். கருவேல மரத்தடியில் நூறு நாள் வேலைக்காரர்கள் உட்கார்ந்திருந்தால் அங்கும் போய் நின்றேன். ஒருத்திக்கு வீட்டுக்காரர் விடமாட்டார். ஒருத்திக்கு வெயில் ஆகாது; வெயிலில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்த ஒரு பெண்ணைப் பிடித்து, நல்ல வேலை, கௌரவமான வேலை என்று மூச்சு வாங்கப் பேசினேன். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “குமாரலிங்கபுரத்துல துணிக் கம்பெனிப் பார்க்கு வரட்டும் சார், அங்க போயிக்கிறேன். தச்சுக் குடுத்தா துணி என்னயக் குறை சொல்லாதுல்ல?”

அவளே சொன்ன ஆள்

திதி நெருங்கியது. ஒரு நாள் காளீஸ்வரி, “ராக்குவக் கூப்பிடுங்க” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராக்கு ஆடு வளர்க்கிறவள். அவள் வீட்டார் ஒரு காலத்தில் காளீஸ்வரி குடும்பத்துச் சோளக்காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். இப்போது மகன் டவுனில் சம்பாதிக்கிறான். ராக்கு யாருக்கும் குனிய வேண்டியதில்லை, குனிவதும் இல்லை. அவள் ஆடுகள் சோளத்தில் இறங்கிவிட்டன என்று காளீஸ்வரியின் அம்மா அவற்றைப் பிடித்துக் கட்டிப்போட, பெரிய சண்டை. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

“ஊர்ல வேற ஆளே இல்லையா?” என்றேன். அவள் சொன்னாள். அம்மா செத்த பிறகு ஒரு நாள் ராக்குவின் ஆடு வாசல் முருங்கையைக் கடித்திருக்கிறது. கட்டிலில் கிடந்தபடியே ஜன்னல் வழியாகக் காளீஸ்வரி ஆட்டை வைதாள். ராக்கு வந்து நின்று இவளை வைதாள். தெருவே கூடி, “கெடக்குறவளப் போயி வையுறியே, பாவமில்லையா?” என்று ராக்குவைக் கடிந்துகொண்டது. “அவ வாய்க்கு என்னடி கேடு?” என்று கேட்டுவிட்டு ராக்கு மறுபடியும் வைதாளாம். இதைச் சொல்லும்போது காளீஸ்வரியின் முகத்தில் ஒரு திருப்தி. “அண்ணாச்சி, இத்தன வருசத்துல என்னயும் ஒரு ஆளா மதிச்சு வஞ்சது அவ ஒருத்திதான்.”

அடுப்படி

முருகேசனிடம் சொல்லாமல் முடியாது. காளீஸ்வரி வீட்டிலிருந்தே போனில் சொன்னேன். “சார், அவ அந்தத் தெருக்காரி. எங்க அடுப்படிக்குள்ள அவள விடுறதா? எங்கம்மா இருந்தா நடக்குமா?” என்று குதித்தான். ஸ்பீக்கரைப் போட்டுக் காளீஸ்வரி பக்கம் நீட்டினேன். “அம்மா இருந்தா… நான் எதுக்குண்ணே ஆள் தேடுறேன்?” என்றாள் அவள். அந்தப் பக்கம் போன் அணைந்தது.

அடுத்து ராக்கு. ஆடுகளுக்கு நடுவே கம்பை ஊன்றி நின்று கேட்டாள். “நானா? அந்தத் தேளுக்கா?” என்றாள். பிறகு நெடுநேரம் ஒரு குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வேலைக்காரி என்று எவனும் சொல்லக் கூடாது, ஆபீஸ் ஆள் என்று கழுத்தில் அட்டை மாட்டித் தர வேண்டும் என்றாள். நியாயம்தான். தருகிறேன் என்றேன். ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பியவள் திரும்பிச் சொன்னாள்: “வேலைக்கு வாரேன் அண்ணாச்சி. பேச்சு வார்த்தைக்கு வர மாட்டேன்.”

சுவரோடு பேச்சு

சொன்னபடியே செய்தாள். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த மேடம் வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். ராக்கு, கழுத்தில் அட்டையோடு, காளீஸ்வரிக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் சுவர்ப் பக்கம். “சொவரே, அந்தம்மாவ வாயத் தொறக்கச் சொல்லு.” காளீஸ்வரியும் சுவரைப் பார்த்தாள். “சொவரே… காப்பி… கொதிக்குதுன்னு… சொல்லு.” “சொவரே, ஊதிக் குடிக்கச் சொல்லு.” “ஊதுறதுக்கு… நான் என்ன… துருத்தியான்னு… கேளு.”

நான் ஒன்றைக் கவனித்தேன். நேருக்கு நேர் பேச்சு இல்லாததால் ராக்குவால் இடையில் புக முடியவில்லை. சுவருக்குச் சொல்ல வேண்டியதைக் காளீஸ்வரி சொல்லி முடிக்கும்வரை டம்ளரைப் பிடித்தபடி நின்றாள். அவள் பேச்சை அரைகுறையாக வெட்டாமல் கேட்ட ஆளை அந்த வீட்டில் அன்றுதான் பார்த்தேன். அப்புறம் தலை வாரிப் பின்னினாள். இறுக்கிப் பின்னினாள். தளர்த்தச் சொல்லிச் சுவருக்கு உத்தரவு போனது. தளர்த்தினாள்.

மேடம் கவலைப்பட்டார். ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசிச் சமாதானம் பண்ணலாமே என்றார். ராக்கு சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: “நீங்க சும்மா இருங்க தாயி. பேசாம இருக்கப்போயித்தான் இது ஓடுது.”

திதி

முருகேசன் வந்தான். வாசலில் கார். பின் சீட்டில் மெத்தை கூட விரித்திருந்தான். கெட்டவன் இல்லை. திதி முடிந்து இலை எடுத்ததும் என்னை ஓரமாக அழைத்தான். “திருப்பூர்ல நான் தூங்குறதில்ல சார். போன் அடிச்சா, இவ கட்டில்ல இருந்து விழுந்துட்டாளோன்னு நெஞ்சு அடச்சுக்கிருது. ஆடு மேய்க்கிறவள நம்பி எப்படி விட்டுட்டுப் போறது? அங்கன்னா சுத்தி ஆள் இருக்கு” என்றான். பயம் உண்மையான பயம். நான் என்ன சொல்ல? “என்கிட்டச் சொல்லாத. அவகிட்டச் சொல்லு” என்றேன்.

கட்டிலருகே போய்ச் சொன்னான். அவள் “விழுந்தா…” என்று தொடங்கினாள். “அதத்தான் நானும் சொல்றேன், விழுந்தா யாரு தூக்குவா?” என்றான். அவள் மறுபடி “விழுந்தா…” என்றாள். “அங்க கட்டிலுக்குக் கம்பி இருக்குத்தா” என்றான். மூன்றாவது முறையும் அவன் வாயைத் திறந்தபோது, பின்வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த ராக்கு அண்டாவை ணங்கென்று கவிழ்த்தாள். “ஏய்யா, அவ சொல்லி முடிக்கட்டும்யா!” முருகேசன் உட்கார்ந்துவிட்டான். காளீஸ்வரி அவசரப்படவில்லை.

“விழுந்தா… விழுந்துட்டுப் போறேண்ணே. நீ விழுகலையா? பைக்ல விழுந்து கால ஒடிச்சுக்கிட்டியே… உன்னய எந்த எல்லத்துல சேத்தோம்?”

பொழுது சாய அவன் எழுந்து போய், பின் சீட்டு மெத்தையைச் சுருட்டி எடுத்து வந்து அவள் கட்டிலில் விரித்தான். காரைக் கிளப்பும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னான்: “நீங்க ஆள் அனுப்புறத மட்டும் நிறுத்திராதீக சார்.”

போன்

முடிந்தது என்றுதான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். மறுநாள் விடியுமுன் போன் அடித்தது. காளீஸ்வரி. ராக்கு வைத்த குழம்பு வாயில் வைக்க முடியவில்லை. ராக்கு வரும்போது ஆட்டு வாடை. ராக்கு ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டுப் போய்விட்டாள், கொசு. இதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். இடையில் ஒரு முறை “ம்” என்று சொல்லித் தொலைத்தேன். குழம்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். கடைசியில், “சரித்தா, வேற ஆள் மாத்திரவா?” என்றேன். அந்தப் பக்கம் அவளுக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. “மாத்தச் சொன்னனா அண்ணாச்சி? என் வீட்டு ஆளப் பத்திக் குறை சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணாமா?”

மேடையில் உரிமை, உரிமை என்று பேசுகிறவர்கள் பேசி முடித்துச் சாப்பிடப் போய்விடுகிறார்கள். அந்த உரிமை விடியுமுன் எழுந்து கூப்பிடுவது என்னவோ நம்மைப் போன்றவர்களைத்தான்.