லேட் ஏகாம்பரம் பெயரில் ஒரு கணக்கு

இந்த ஜெர்மன் ஊர் வங்கியிலிருந்து எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் "மதிப்புக்குரிய திரு. லாட்டெ ஏகாம்பரம் அவர்களுக்கு" என்றே தொடங்கின. முதல் கடிதத்தை யாரோ பக்கத்து அறைக்காரருக்கு என்று நினைத்து மாடிப்படியில் வைத்துவிட்டேன். வீட்டுக்கார அம்மாள் அதை எடுத்துவந்து, உங்கள் கணவர் எப்போது வருகிறார் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலை செய்யும் சாயச்சாலையில் காதில் விழுந்த ஜெர்மன். நிறங்கள், வெப்பநிலை, "ஜாக்கிரதை, அமிலம்". கணவர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. ஏதோ விருந்தாளியைக் கேட்கிறார் என்று எண்ணி, "விரைவில்" என்று சொல்லிவைத்தேன்.

லாட்டெ வேறொன்றுமில்லை, நம் ஊர் "லேட்"டை ஜெர்மன்காரர்கள் வாசிக்கும் விதம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா இறந்தார். செவிலிமேட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். உதவித்தொகை விண்ணப்பத்தில் அவர் பெயரை எழுதியபோது அலுவலக எழுத்தர் என் கையைத் தடுத்தார். "மொட்டையா எழுதாதம்மா. முன்னால லேட் போடு. போனவருக்கு அதான் மரியாதை." துணைக்கு வந்திருந்த அண்ணன், "நல்லாப் பெரிசா போடு, அப்பதான் காசு வரும்" என்றான். எழுத்தர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தப் படிவமானாலும் "சுலோச்சனா, டாட்டர் ஆஃப் லேட் ஏகாம்பரம்" என்று எழுதக் கை பழகிவிட்டது. காஞ்சிபுரத்தில் அதை ஒருவரும் தவறாகப் படித்ததில்லை. இங்கே வங்கிக்காரர்கள் கடைசி இரண்டு சொற்களையும் ஓர் ஆணின் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அவர்தான் கணக்குக்குச் சொந்தக்காரர். சுலோச்சனா, சிறு தொகைகள் எடுக்க அவர் அனுமதித்திருக்கும் ஒரு பெண்.

இரண்டு வருடம் சிறு தொகைகளே எடுத்ததால் இது எனக்குத் தெரியவே இல்லை. தங்கை மல்லிகாவுக்கு இந்த ஊர் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோதுதான் தெரிந்தது. அக்டோபர் முதல் திங்களன்று அவள் இங்கே இருக்க வேண்டும்; இல்லையென்றால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். விமான டிக்கெட்டுக்காகச் சேமிப்பு முழுவதையும் கேட்டேன். திரு. லாட்டெ நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அப்போது ஆகஸ்ட் நடு.

ஆங்கிலம் தெரிந்த ஒரு வக்கீல் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். தூதரகத்துக்கு எழுதி மூன்று பெயர்களை வாங்கி, நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். முதலாமவருக்குத் தெரிந்த ஆங்கிலம் "யெஸ், ப்ளீஸ்". நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார். இரண்டாமவர் சரளமாகப் பேசினார். ஆனால் விவாகரத்து வழக்குகள் மட்டுமே எடுப்பவர். திரு. லாட்டெ உங்களை அடிப்பாரா என்று கனிவோடு கேட்டார். மூன்றாமவர் வங்கி வழக்குகளிலேயே தலை நரைத்தவர். போர்க்கைதியாக இங்கிலாந்தில் இருந்தபோது கற்ற ஆங்கிலம். அவர் மேசையில் இரண்டு ஆங்கில அகராதிகள் இருந்தன. எனக்கு உயிர் வந்தது.

படிவத்தின் நகலைப் பார்த்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "லேட்! அம்மணி, இது பெயர் அல்ல. இவர் இறந்துவிட்டார்!"

"ஆமாம், ஆறு வருடத்துக்கு முன்பு."

"வங்கிக்கு இது தெரியாது! நான் தெரிவிக்கிறேன்."

தெரிவித்தார். அதுவரை வராமல் இருந்த மனிதர் அந்த ஒரு கடிதத்தால் இறந்த மனிதர் ஆனார். கணக்கு முடக்கப்பட்டது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட சான்றிதழ் வந்தால்தான் இனி பணம். வக்கீலோ தன் ஆங்கிலத்தில் மகிழ்ந்துபோயிருந்தார். "லேட்" என்ற சொல்லுக்கு விளக்கம் தந்ததற்குத் தனி வரி போட்டுக் கட்டணச் சீட்டு அனுப்பினார். அதைப் படித்தபோது கைகழுவ வேண்டும் போல இருந்தது. போய்க் கழுவவும் செய்தேன்.

அதைவிட அருவருப்பானது, வாரிசுக் கையெழுத்துக் கேட்டு நான் எழுதியதற்கு அண்ணன் அனுப்பிய பதில். ஐயம்பேட்டையில் மல்லிகாவுக்கு ஒரு வரன் பார்த்திருந்தான். அவள் கிளம்புவதில் அவனுக்கு இஷ்டமில்லை. "அப்பா பேர்ல பணம் இருக்குதுன்னு வெள்ளக்காரனே சொல்றான். அப்ப அது மூணு பேருக்கும் பொதுதானேம்மா? மல்லி இங்கியே இருக்கட்டும், நானும் கையெழுத்து போட்டுர்றேன். கல்யாணச் செலவுக்கு ஆச்சு." நான் அமில நெடியில் எட்டு மணி நேரம் நின்று சம்பாதித்ததை, சைக்கிள் கடையில் அப்பா விட்டுப்போன ஸ்பானர்களைப் போலப் பங்கு கேட்டிருந்தான். மல்லிகா அதே உறையில் ஒரு துண்டுச் சீட்டை ஒளித்து வைத்திருந்தாள். "அக்கா, அந்த ஆளு முன்னால காபி தட்டோட நின்னுக்கினு இருக்க என்னால ஆவாது. எப்படியாவது கூட்டிக்கினு போயிடு."

வக்கீலிடம் மறுபடி போகவில்லை. நிறம் ஒத்துவராதபோது சாயச்சாலையில் செய்வதையே செய்தேன்: எதையும் சேர்க்காமல், இருக்கும் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. வங்கிக்குப் போய் ஆங்கிலம் அறவே தெரியாத பெண் ஊழியரின் முன்னால் இரண்டு தாள்களை வைத்தேன். ஒன்றில் கணக்குத் திறந்த தேதி. மற்றொன்று வக்கீல் கடிதம். அதில் அப்பா இறந்த தேதி. என் ஜெர்மனில் கேட்டேன்: "இறந்த மனிதன். நான்கு வருடம். பிறகு இங்கே வந்தான்? கையெழுத்து?" பக்கத்தில் என் சம்பளச் சீட்டுகளை அடுக்கினேன். "இறந்த மனிதன் சாயம் போடுவான்?"

அந்தப் பெண் இரண்டு தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாளே கணக்கு எனக்கானது. ஒரே ஒரு நிபந்தனை, குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது என்றேன். கிடையாது என்று எழுத இந்தப் படிவத்தில் இடமில்லை என்றார் அந்த ஊழியர். ஏகாம்பரம் என்று எழுதினேன். இந்த முறை முன்னால் எதுவும் போடவில்லை.

மல்லிகா செப்டம்பர் கடைசியில் வந்து இறங்கினாள். அண்ணன் வழியனுப்ப வரவில்லையாம். மறுநாள் அவளைப் பதிவு செய்ய அரசு அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். அவள் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு "ஈ. மல்லிகா". அதிகாரி என்னையும் அவளையும் பார்த்தார். குடும்பப் பெயர் ஏகாம்பரம். குடும்பப் பெயர் மல்லிகா. சகோதரிகள் என்பதற்குச் சான்று கேட்டார். எங்களிடம் இல்லை. உறவு என்ற கட்டத்தில் ஒரு சொல்லை எழுதி முத்திரை குத்தினார்.

"இன்னாக்கா எழுதினான்?"

"தெரிந்தவர்னு."

"அதுவும் சரிதான். ரெண்டு வருஷமா உன்னை லெட்டர்லதானே தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். திருத்தச் சொன்னால் இன்னொரு வக்கீலைத் தேட வேண்டியிருக்கும். தாளை வாங்கிப் பையில் வைத்தேன்.

அவளுக்கு அடையாள அட்டையும் எனக்குப் புதுப் பெயரில் இன்னொன்றும் வாங்க எழுத்து வரிசைப்படி நிற்க வேண்டும். ஈ எழுத்துக்காரர்களுக்குக் கூடத்தின் இந்தக் கோடி; எம் எழுத்துக்கு அந்தக் கோடி. அவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்திவிட்டு என் வரிசைக்குத் திரும்பினேன். நடுவில் நாற்பது தலைகள், எல்லோரும் மௌனம். அந்த மௌனத்தின் மேல் செவிலிமேட்டுக் குரல் எழுந்தது.

"அக்கா! இந்தாளு ஏதோ கேக்கறான், ஒண்ணும் புரியல. இங்க வாயேன்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. கவுண்ட்டருக்குள்ளிருந்து அதே நேரத்தில் என்னைத் திருமதியாக்கிக் கூப்பிட்டார்கள்: "ஃபிராவ் ஏகாம்பரம்!" ஒரு கால் வரிசையிலும் ஒரு கால் வெளியிலுமாக நின்றேன்.