காலிச் சாலையில் ஏறிய முள்

பேய், காற்று, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பத்தாவது வரை படித்தவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுபவன், எனக்குக் கதை கட்டவும் தெரியாது. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அதிகமாகச் சத்தம் போடும் வண்டிகளைப் பிடிக்கிற சோதனையில் எனக்குத் தற்காலிக வேலை. கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி சத்தி ரோட்டோரம், சத்தம் அளக்கும் மீட்டரை ஒரு ஸ்டாண்டில் வைத்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அதன் முள்ளையே பார்த்திருப்பேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் கையைத் தூக்க வேண்டும், முன்னால் நிற்கும் அதிகாரி வண்டியை மறிப்பார்.

முதல் நாள் மதியம் இரண்டரை மணி இருக்கும், முள் சட்டென்று கடைசி வரை போய் நின்றது. கையைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தால் சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. புது பேட்டரி போட்டோம். மறுநாளும் அதே நேரம், அதே மாதிரி.

"ஏனுங்க, காத்துக்கு ஃபைன் போடச் சொல்றீங்களா?" என்று அதிகாரி சிரித்தார். பிறகு முகம் மாறி, "இன்னொருக்கா வெறும் ரோட்டுக்குக் கையத் தூக்குனீங்கன்னா வேலைக்கு வராதீங்க" என்றார். எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

மூன்றாம் நாள், பக்கத்துப் பட்டறையில் வேலை செய்யும் தன் வீட்டுக்காரருக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோகும் ஒரு பெண், எதிர்ப்புறமிருந்து சாலையில் இறங்கினார். அதே நேரம் முள் நடுங்கிக்கொண்டே ஏறத் தொடங்கியது. சாலை காலி. அவர் பாதி தூரம் வந்துவிட்டார். வேலை போனால் போகட்டும் என்றெல்லாம் யோசிக்கவில்லை, "அம்மணி!" என்று கத்திக்கொண்டே ஓடி, அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். தூக்குப்போசி நடுச்சாலையில் விழுந்தது. விழுந்து உருண்டது, உருண்டுகொண்டிருக்கும்போதே எங்கள் கண் முன்னால் தகடு மாதிரி நசுங்கியது. டீசல் வாடையோடு ஒரு சூடான காற்று முகத்தில் அடித்துப் போனது.

அதிகாரி மீட்டரைக் கழற்றி ஜீப்பில் வைத்தார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் நாங்கள் நிற்கவே இல்லை, என்னை வேலையை விட்டும் அனுப்பவில்லை.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் கோபம். "ஏனுங்க இப்படிப் புடிச்சு இழுக்கறீங்க? அந்த லாரிக்காரருதான் வண்டிய நிறுத்திப்போட்டு, போங்கன்னு கை காட்டுனாருங்களே!" என்றார்.

நான் திரும்பிச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தேன், லாரி எதுவும் இல்லை.

இன்றைக்கும் ஏதாவது வண்டி நின்று, கடந்து போகச் சொல்லி டிரைவர் கை காட்டினால், எத்தனை கூச்சமாக இருந்தாலும் பக்கத்தில் நிற்பவரிடம், "அந்த வண்டி உங்களுக்கும் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறேன்.